பாட்டைப் பழிக்கும் இரசனை

தமிழ்த் திரைப்படத்தின் தீராத நோய் அதன் பாட்டே என்னும் தீர்ப்பு, கற்றோர் அவைகளில் ஏறத்தாழ மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஒரு படத்தை உயர்த்திக் கூற விரும்பும் விரிவுரையாளர், அதிற் பாட்டே இல்லை என்று தொடங்குவார். தாழ்த்திக் கூற விரும்புபவர், அதில் ஆறு பாட்டு என்பார். அதற்குமேல் அவர் எதனையும் விளக்கவேண்டியதில்லை. கேட்டிருப்போர் புரிந்துகொண்டு புன்முறுவல் செய்வர். ஒரு கலைவடிவத்தைப் பற்றிய முழு விமரிசனமும் இவ்வாறு ஓர் எண்ணிக்கையில் அடங்கிவிடுவது விந்தையே.

இத்தீர்ப்பினால் ஏனையோரைக் காட்டிலும் மிகுதியாக இழப்பவன் அம்பாறைக் கரையோரத்து மாணவன். கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் புகும் அவன், அங்குள்ள திரைப்பட வட்டத்தில் ஈரானியப் படத்தையும் ஜப்பானியப் படத்தையும் முதன்முறையாகக் காண்கிறான். அது நன்றே. ஆனால் அப்படங்களோடு சேர்த்து ஒரு நாணத்தையும் அவன் கற்றுக்கொள்கிறான். தன் வாப்பா வானொலியருகே அமர்ந்து கேட்ட பாட்டுக்கும், தன் உம்மம்மா வட்டையிற் கேட்டு வந்து முணுமுணுத்த கவிக்கும் கலையுலகில் இடமில்லை என்பதே அந்த நாணம். விடுதி அறையில் அவன் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு கேட்பது இளையராஜாவையும் ரகுமானையுந்தான். கருத்தரங்கில் எழுந்து அவன் கண்டிப்பதும் அவர்களையே. செவி ஒன்றை விரும்ப வாய் வேறொன்றைக் கூறும் இந்நிலையை இரசனை வளர்ச்சி என்று அழைத்தல் பொருந்தாது.

பாட்டின்மையே கலைத்தரம் என்போர் இரண்டு படங்களைத் தவறாது எடுத்துக்காட்டுவர். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒன்று. 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு' மற்றொன்று. இரண்டும் சிறந்த படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றின் சிறப்பு பாட்டில்லாமையினால் வந்ததன்று. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவதாக அமைந்தது முதற்படம்; அவ்விசாரணையின் இறுக்கம் பாட்டை வேண்டவில்லை, ஆகவே பாலசந்தர் அதனை விலக்கினார். அவ்வாறு விலக்கியவர் பிற்காலத்தில் வீணை பாலசந்தர் என்று உலகம் போற்றிய இசைமேதை என்பதை, அவர் பெயரை எடுத்துக்காட்டுவோர் ஏனோ கூறாது விடுகின்றனர். 'வீடு' படத்திற் பாட்டில்லை, இசை உண்டு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பினின்றும் எடுக்கப்பட்ட இசை அப்படத்தின் மௌனங்களைத் தாங்கி நிற்கின்றது. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா, 1982இல் 'மூன்றாம் பிறை' எடுத்தபோது பாட்டை விலக்கவில்லை. கதை வேண்டியபோது கொடுத்தார், வேண்டாதபோது விட்டார். கலைஞன் ஒருவனின் தேர்வை விதியாக மாற்றிவிட்டவர்கள் அவனைப் பின்பற்றுவோரே.

பாட்டு என்பது பேசும்படத்திற் பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட பொருளன்று. பேசும்படம் பாடிக்கொண்டேதான் பிறந்தது. 1927இல் அமெரிக்காவில் வெளிவந்த 'த ஜாஸ் சிங்கர்' முக்காற் பங்கு மௌனப்படம். அதில் ஒலி பெற்றவை பெரும்பாலும் பாட்டுக்களே. 1931 அக்டோபர் மாத இறுதியில் எச். எம். ரெட்டி இயக்கத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்து வெளிவந்த 'காளிதாஸ்', தமிழும் தெலுங்கும் கலந்து பேசியது. பாட்டுக்களோ ஏறத்தாழ ஐம்பது. மறு ஆண்டு வெளிவந்த இந்திப் படமாகிய 'இந்திரசபா' எழுபது பாட்டுக்கள் வரை கொண்டிருந்தது. அக்காலத்தவர் அறியாமையால் இவ்வாறு செய்தனர் என்று எண்ணுவது வரலாற்று உணர்வின்மையாகும். 'இந்திரசபா' 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லக்னோவில் ஆகா ஹசன் அமானத் எழுதிய உருது இசைநாடகம். பார்சி நாடகக் குழுக்கள் அம்மரபை இந்தியா முழுவதும் கொண்டு சென்றன. கொழும்புக்கும் கொண்டு வந்தன. சிங்கள நூர்த்தி நாடகம் அதன் வழியிற் பிறந்தது. தமிழ் நாட்டின் சங்கரதாஸ் சுவாமிகள் மரபும் பாட்டை மையமாகக் கொண்டதே. மேடையிற் பாடிய நடிகர் திரையிலும் பாடினர். பார்வையாளனுக்கு நாடகம் என்பதன் பொருளே பாட்டினால் நடைபெறும் கதை என்பதாக இருந்தது.

1937இல் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றன. 1944இன் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1945இன் 'மீரா'வில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடும்போது, எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் தமது கமராவை அம்முகத்தினின்றும் அகற்றாது வைத்திருக்கிறார். தமிழறியாத ஒருவர் தமிழிசையை இவ்வளவு பொறுமையோடு படம்பிடித்தமை வியப்புக்குரியது. இவற்றிற் பல இன்று முழுமையாகப் பார்ப்பதற்குச் சலிப்பூட்டுபவை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. 'ஹரிதாஸ்' படத்தின் நகைச்சுவையை வெட்டியெறிந்தால் யாருக்கும் நட்டமில்லை. பாகவதரின் பாட்டை வெட்டினால் அங்கே படமே இல்லை.

உலகத் திரைப்படத்தின் பெயரால் பாட்டைப் பழிப்போர், அவ்வுலகத்தையும் முழுமையாகப் பார்த்தவரல்லர். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் டெமி 1964இல் எடுத்த 'செர்பூர்க் நகரின் குடைகள்' என்னும் படத்தில் ஒரு சொல்லேனும் பேசப்படுவதில்லை, அனைத்தும் பாடப்படுகின்றன. கதையோ மிகச் சாதாரணமானது. குடைக்கடைக்காரியின் மகள் ஒருத்தி, வாகனம் திருத்துமிடத்தில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன். அவனை அல்ஜீரியப் போருக்கு அழைத்துவிடுகின்றனர். பெட்ரோல் விலையும் கடன் தவணையும் கருவுற்ற பெண்ணின் அச்சமும் மிஷேல் லெக்ராந்தின் இசையிற் பாடப்படுகின்றன. தொடக்கத்திலேயே ஒரு தொழிலாளி தனக்கு ஒபராவைப் பிடிக்காது, எல்லோரும் பாடிக்கொண்டேயிருப்பது தாங்கமுடியாதது, சினிமாவே மேல் என்கிறான். அதனையும் பாடியே கூறுகிறான். பாட்டைப் பழிக்கும் விமரிசகருக்கு டெமி முன்கூட்டியே அளித்த விடை அது. அப்படம் கான் விழாவின் உயர் பரிசைப் பெற்றது.

சத்யஜித் ராயின் பெயரைச் சொல்லிப் பாட்டை விலக்குவோரும் உளர். 1969இல் அவர் எடுத்த 'கூபி கைன் பாகா பைன்' படத்தில் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயே. ஊரார் விரட்டிய இரு கிராமத்துக் கலைஞர்கள், தம் பாட்டினாலும் கொட்டினாலும் கேட்போரை அசையாது நிறுத்தும் வரம் பெற்று, பசித்த படைவீரரின் போர் ஒன்றையே நிறுத்திவிடுகின்றனர். போருக்கு எதிராக எடுக்கப்பட்ட ஆழமான படங்களுள் அதனையும் ஒன்றாக வைத்தெண்ணலாம். ஆனால் அது குழந்தைப் படம் என்று ஒதுக்கப்பட்டு 'பதேர் பாஞ்சாலி' மட்டும் ஆண்டுதோறும் திரையிடப்படுகின்றது.

எனில், பார்க்கத்தகுந்த இசைப்படம் எது? பாட்டுக்களின் எண்ணிக்கையோ அவற்றின் இனிமையோ அளவுகோலாகா. பாட்டை நீக்கினாற் கதை சரிந்து விழுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. சரியாத படத்தில் வரும் பாட்டு எவ்வளவு இனியதாயினும் அங்கே அது விருந்தாளி. சரியும் படத்தில் அது வீட்டுக்காரன்.

இவ்வளவுகோலால் நோக்குமிடத்து, 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' தமிழின் முதன்மையான இசைப்படமாக நிற்கின்றது. கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் எழுதிய தொடர்கதையைத் தழுவிய இப்படத்தில் நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் ஆடலரசி மோகனாவுக்கும் இடையே நிகழும் யாவும் கலையினூடாகவே நிகழ்கின்றன. செருக்கு, சினம், போட்டி, காதல், ஐயம் எதுவும் தனியே வசனத்தில் நிற்பதில்லை. மறைவில் நின்று தன் ஆட்டத்தைப் பார்க்கும் வித்துவானை அவள் மேடையிலிருந்தே அறிந்துகொள்கிறாள். அவையிலுள்ள எவரும் அறியாதவாறு பதத்தின் சொற்களாலேயே அவனை வினவுகிறாள். அவைக்கு அது பக்திப் பாட்டு. அவனுக்கு அது தூது. கே. வி. மகாதேவன் இசையமைக்க, மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்துக்குச் சிவாஜி கணேசன் விரலும் கன்னமும் மூச்சும் கொடுத்த திறத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பத்மினியின் பங்கு அவ்வளவு பேசப்படாதது நேர்மையன்று. நாதஸ்வரம் கோயிலுக்கும் ஒரு சமயத்தாருக்கும் மட்டும் உரியதென்று எண்ணி இப்படத்தைத் தமக்கு அந்நியமானதெனக் கொள்ளும் முஸ்லிம் மாணவர், திருவரங்கத்தில் வாழ்ந்து 1999இல் மறைந்த ஷேக் சின்ன மௌலானாவின் வாசிப்பை ஒருமுறை கேட்கட்டும்.

அவையறியாது ஒருவருக்கு மட்டும் விளங்கப் பாடும் இக்கலை அம்பாறைக் கரைக்குப் புதியதன்று. வட்டைவெளியில் காவற்பரணிலிருந்து ஒருவன் கவி பாடுவான். பாட்டிலே எவர் பெயரும் வராது. கேட்கவேண்டியவளுக்கு மட்டும் அது தனக்கென்று விளங்கும். மச்சானும் மச்சியுமாக எதிரெதிரே கவி சொல்வதாக அமைந்தவற்றில் காதல் மட்டுமா உண்டு? போடியாரின் கெடுபிடியும், சீதனப் பேச்சும், பிரிந்து போனவனை எள்ளும் குத்தலும், ஊர்ப் பெரியவரைப் பெயர் கூறாது இடித்துரைக்கும் துணிவும் உண்டு. நான்கு அடிக்குள் ஒரு நாடகம் நடந்து முடிந்துவிடும். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றோர் பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று இவற்றைத் தொகுத்திராவிடின், இன்று எஞ்சியிருப்பனவற்றிற் பெரும்பகுதி மூதாட்டியரோடு மண்ணுக்குள் போயிருக்கும். நீலாவணன், நுஃமான், மருதூர்க்கனி முதலிய கவிஞர்களை ஈன்ற கரை செவிவளம் குன்றிய கரையாக இருந்திருக்க இயலாது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், திருமண வீட்டுக் குரவையும், பொல்லடியும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் நாயகத்தின் பெயராற் கொடியேறும் நாட்களிற் பக்கீர்மார் றபான் தட்டிப் பாடும் பைத்தும் இக்கரையின் ஒலிகளே.

இந்த ஒலிகளோடு வளர்ந்தவன் 1960இல் வெளிவந்த 'பர்சாத் கி ராத்' என்னும் இந்திப் படத்தைப் பார்த்தால், மொழி தெரியாவிடினும் அதன் அமைப்பை உடனே இனங்கண்டுகொள்வான். கவ்வாலிக் குழுக்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் பாடும் போட்டிகளே அதன் கதையை முன்செலுத்துகின்றன. ஒரு பெண் பாட்டால் வினவ, ஓர் ஆண் பாட்டால் விடையிறுக்க, தோல்வியும் வெற்றியும் காதலும் கைவிடலும் அவ்வவையிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. சாஹிர் லுதியான்வியின் சொல்லும் ரோஷனின் இசையும் சேர்ந்த இறுதிக் கவ்வாலி பத்து நிமிடத்துக்கும் மேலாக நீள்கின்றது. ஒரு கணமேனும் கதை நின்றுவிடவில்லை. கவிஞனின் குரல் வானொலி நிலையத்திலிருந்து புறப்பட்டுக் காதலியின் அறைக்குள் நுழையும் காட்சி, வானொலியே வாழ்வின் பெருஞ் சாளரமாக இருந்த ஒரு காலத்தின் ஆவணமாகவும் அமைகின்றது. அதே ஆண்டின் 'முகல் ஏ ஆசம்' இதனினும் புகழ்பெற்றது. நௌஷாத்தின் இசையும் அதன் ஆடம்பரமும் கண்ணையும் செவியையும் நிறைப்பன. எனினும் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரமுண்டென்றால் 'பர்சாத் கி ராத்' படத்தையே பார்க்கவேண்டும்.

வானொலி பற்றிய ஒரு செய்தியையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கின்றது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதனைப் பெரிதும் ஒடுக்கினார். நேயர் என்ன செய்தனர்? செவ்வியல் இசைக்குத் திரும்பினரா? இல்லை, வானொலியின் முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தனர். கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பு இந்தியா முழுவதும் கேட்கப்பட்டது. 1957இல் இந்திய அரசு 'விவித பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாட்டை மீண்டும் வரவேற்க நேர்ந்தது. ஆணையினால் இரசனையை உயர்த்த முனைந்த ஓர் அமைச்சர், இலங்கை வானொலியின் பொற்காலத்துக்குக் காரணராயினார். இன்றைய திரைப்பட வட்டத்தார் கேஸ்கரை அறியாமலே அவர் ஆசனத்தில் அமர்ந்துள்ளனர்.

முஸ்லிம் வாழ்வு தமிழ்த் திரையில் இசையோடு வந்த வரலாறு பெருமைப்படத்தக்கதா என்பது வேறு கேள்வி. 1955இன் 'குலேபகாவலி'யும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய 1956இன் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் கேட்க இனியவை, பார்க்கவும் களிப்பானவை. ஆனால் அவற்றிலுள்ள பாக்தாத் நகரம் சென்னை அரங்க நிர்மாணிகள் அட்டையாற் கட்டியது. அங்கு வாழ்வோருக்கும் சம்மாந்துறை உழவனுக்கும் மருதமுனை நெசவாளனுக்கும் தலைப்பாகை தவிர ஒப்புமை காண்டல் அரிது. அவ்வுழவனும் நெசவாளனும் அத்தகைய தலைப்பாகை கட்டுவதுமில்லை. 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாவ மன்னிப்பு' சற்று நெருங்கி வருகின்றது. முஸ்லிம் பெரியார் ஒருவரால் வளர்க்கப்பட்ட ரகீம் அதன் நாயகன், நாகூர் இ. எம். ஹனிபா அப்படத்தில் டி. எம். சௌந்தரராசனோடு சேர்ந்து பாடினார். எனினும் ரகீம் பிறப்பால் இந்து என்ற செய்தி கதைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனியாது விடலாகாது. முஸ்லிமாகப் பிறந்த ஒருவனே அக்கதையின் நாயகனாக இருந்திருப்பின் அன்றைய வணிகம் அதனைத் தாங்கியிருக்குமா?

இலங்கைத் திரையைப் பொறுத்தவரை முஸ்லிம் இசைஞரின் பங்கு சிங்களப் படங்களிலேயே முதலில் வெளிப்பட்டது. 1947இன் 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் முகம்மது கௌஸ். அதிற் பாடிய முகைதீன் பேக், தமிழ்நாட்டின் சேலத்திலிருந்து வந்தவர். பின்னாளில் இந்நாட்டின் பௌத்த பக்திப் பாட்டுக்கே குரலாக விளங்கினார். இசையில் எவர் எவருக்கு அந்நியர் என்பதை வரையறுக்கப் புகுவோர் இவ்விரு பெயர்களையும் கடந்துதான் செல்லவேண்டும்.

மற்றோர் எதிர்ப்பும் இக்கரையில் உண்டு. அதனைக் கூறாது விடுவது கோழைத்தனமாகும். இசையே விலக்கப்பட்டது என்னும் நிலைப்பாடு அண்மைய பத்தாண்டுகளில் உரத்து ஒலிக்கின்றது. இவ்விடயத்தில் மார்க்க அறிஞரிடையே பழங்காலந்தொட்டே கருத்து வேறுபாடு நிலவிவந்தது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் இசை கேட்டலின் ஒழுங்குகளுக்கென ஒரு தனி நூற்பகுதியையே ஒதுக்கினார். நம்பிக்கையின் பேரில் இசையைத் தவிர்ப்பவன் மதிக்கத்தக்கவன். அவனைப் பழைமைவாதி என்று எள்ளுவது படித்தவனின் திமிர். ஆனால் வீட்டிலே தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டியை இரவு பத்து மணிவரை பார்த்துவிட்டு, மறுநாள் ஊர்க்கூட்டத்திற் பக்கீரின் றபானை மட்டும் தடுக்க எழுபவருக்கு அந்த மதிப்பு உரியதன்று. ஏழையின் இசை முதலில் விலக்கப்படுகின்றது. செல்வனின் இசை வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கின்றது.

முன்னர்க் குறிப்பிட்ட 'த ஜாஸ் சிங்கர்' இப்பிரச்சினையையே கதையாகக் கொண்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். யூதத் தொழுகையிற் பாடும் பரம்பரையில் வந்த தந்தை, மதுச்சாலையிற் பாடிய மகனை அடித்துத் துரத்துகிறார். தாய் இருவருக்குமிடையே நொந்து நிற்கிறாள். தந்தை உயிர்விடும் வேளையில் மகன் அவருக்குப் பதிலாக நின்று வேதப்பாட்டைப் பாடுகிறான். வெள்ளை நடிகன் முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவனாகப் பாடும் காட்சிகள் அப்படத்தின் நீங்காத களங்கம். அக்களங்கத்தை அறிந்தபடியே, பக்தியுள்ள ஒரு வீட்டிற் பாடப் பிறந்த பிள்ளையின் துயரத்துக்காக அதனைப் பார்க்கலாம். நியூயோர்க் நகரத்து யூதத் தெருவுக்கும் சாய்ந்தமருதுத் தெருவுக்கும் அவ்வளவு தூரமில்லை.

பாட்டைப் பழிப்போர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. அதனை அவர்களே சரியாகக் கூறுவதில்லை. ஒலிநாடாக் காலம் தொட்டுப் பாட்டு படத்தினின்றும் பிரிந்து தனிச்சரக்காயிற்று. கதை எழுதப்படுமுன்னரே பாட்டு விற்கப்படலாயிற்று. கல்முனையிற் காதல்கொண்டவன் மறுகணம் சுவிற்சர்லாந்துப் பனியில் ஆடுவதாக அமைந்த காட்சிகள் அதன் விளைவு. இப்போது கைத்தொலைபேசியின் ஒரு நிமிடத் துண்டுக்கு ஏற்பப் பாட்டின் நடுப்பகுதி மட்டும் செதுக்கப்படுகின்றது. இந்நோய்க்குப் பாட்டு காரணமன்று. பாட்டு கதைக்குள் வேலையின்றி நிறுத்தப்பட்டமையே காரணம். வேலையில்லாதவனைப் பார்த்து மனித இனமே சோம்பேறி என்பது போன்றது, அத்தகைய பாட்டைக் காட்டித் திரைப்பாட்டு முழுவதையும் பழிப்பது.

வேலை செய்யும் பாட்டு பிற்காலத்திலும் அற்றுப்போகவில்லை. கே. பாலச்சந்தரின் 'சிந்து பைரவி' (1985) இதற்குத் தக்க சான்று. புகழ்பெற்ற பாடகர் கச்சேரி செய்யும் அவையில், பாடசாலை ஆசிரியை ஒருத்தி எழுந்து, கேட்போருக்கு விளங்கும் தமிழிற் பாடினாலென்ன என்று வினவுகிறாள்; பின்னர்த் தானே நாட்டார் மெட்டொன்றைப் பாடி, சாத்திரிய இசைக்கும் அதற்கும் உள்ள உறவைக் காட்டுகிறாள். தமிழிசை இயக்கம் மேடைகளில் முன்வைத்த வாதம் ஒரு பாட்டினால் நிறைவேறுகின்றது. அப்படத்துக்காக இளையராஜாவும் சித்ராவும் சுகாசினியும் தேசிய விருது பெற்றனர். ஆனால் அவ்வளவு அறிவும் துணிவுமுள்ள சிந்துவை, குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு மறைந்துபோகச் செய்யும் முடிவு ஏமாற்றமளிப்பது. பாடகனின் குடும்பம் பிழைத்தது. வினா எழுப்பியவள் வெளியேற்றப்பட்டாள்.

1989இன் 'கரகாட்டக்கார'னைச் சொன்னாற் சிரிப்போர் உண்டு. சிரித்துவிட்டு மீண்டும் பார்ப்பது நன்று. 'தில்லானா மோகனாம்பா'ளின் எலும்புக்கூட்டின்மீது கிராமியக் கலைஞரின் தசையைப் போர்த்திய படம் அது; ஓராண்டுக்கு மேல் ஓடியதற்கு நகைச்சுவை மட்டும் காரணமன்று. நாசர் இயக்கிய 'அவதாரம்' (1995) கூத்துக் கலைஞரின் வறுமையையும் அவமானத்தையும் காட்டுவது. கூத்து வளமிக்க மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிற் பார்க்கப்படவேண்டிய அளவுக்கு அது பார்க்கப்படவில்லை. ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' (2019), மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவத் தொழிலாளியின் மகன் அதனை வாசிக்கக் கற்க முனையும்போது நேர்வதைக் கூறுகின்றது. தோலை உரித்துக் கட்டுபவனுக்கு நாதத்தில் ஏன் பங்கில்லை என்ற கேள்வி வலிமையானது. அதனைத் தொலைக்காட்சிப் போட்டியொன்றின் வெற்றியால் முடித்துவைத்தது எளிமையானது. மாரி செல்வராஜின் 'கர்ண'னில் (2021) கிடாக்குழி மாரியம்மாள் என்னும் நாட்டார் பாடகியின் குரலோடு படம் எழுகின்றது. பயிற்சிபெற்ற எந்தக் குரலாலும் அத்தொடக்கத்தைத் தந்திருக்க இயலாது. அக்குரலைச் செம்மைப்படுத்த வேண்டுமென்று சந்தோஷ் நாராயணன் எண்ணாதது தமிழ்த் திரையிசைக்குக் கிடைத்த பேறு.

மாரியம்மாளின் குரல் திரைக்கு வந்தது போல அக்கரைப்பற்றுக் கவியும் வரமுடியும். அதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. மலபார்க் கரையின் முஸ்லிம்களும் கடலையும் வயலையும் நம்பி வாழ்ந்தவர்களே. அவர்களது மாப்பிளைப் பாட்டும் அரபுச் சொல்லும் நாட்டுச் சொல்லும் கலந்து வாய்மொழியாக வளர்ந்ததே. மலையாளத் திரையிசை முதற் பத்தாண்டுகளிற் பெரும்பாலும் இந்தி மெட்டுக்களைக் கடன்வாங்கிப் பிழைத்தது. 'நீலக்குயில்' என்னும் படத்தை பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் எடுத்தபோது, கே. ராகவன் அக்கடனை நிறுத்தி மாப்பிளைப் பாட்டின் மெட்டை எடுத்தார். மீன்பிடி வலையையும் காதலையும் பற்றிய அப்பாட்டைத் தாமே பாடினார். தீண்டாமையைக் கடிந்த அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது. அதன்பின் மலையாளத் திரையிசை கேரள மண்ணின் ஒலியைத் தேடத் தலைப்பட்டது. மாப்பிளைப் பாட்டு கொச்சையானது, வயலோரத்தது, படித்தவர் கேட்கத் தகாதது என்று அன்றும் கூறியோர் இருந்திருப்பர். அவர்கள் சொல்லைக் கேட்டிருந்தால் ராகவனும் பம்பாய் மெட்டையே நகலெடுத்திருப்பார்.

அம்பாறைக் கரையிற் காவற்பரண்கள் அருகிவிட்டன. அறுவடை இயந்திரம் நுழைந்த வட்டையிற் கவி பாட எவருக்கும் நேரமுமில்லை, பாடினாற் கேட்கவும் இயலாது. கவிகளை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டியர் இன்னும் சிலர் உளர். படமெடுக்கும் கருவியோ ஒவ்வொரு மாணவன் சட்டைப்பையிலும் உண்டு. அவ்விரண்டையும் இணைக்கத் தடையாக நிற்பது பணமன்று. முதலாம் ஆண்டிற் கற்றுக்கொண்ட அந்த நாணமே.

'நீலக்குயில்' வெளிவந்ததும் 'அந்த நாள்' வெளிவந்ததும் ஒரே ஆண்டில்: 1954. திரைப்பட வட்டங்களின் பட்டியல்களில் இரண்டாவது தவறாது இடம்பெறுகின்றது.